பானெட்டில் ஒரே ஒரு கோடு

மனிதன் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பரிபூரணம் இவ்வுலகில் ஒன்றே ஒன்றுதான். அது, கோடில்லாத கறுப்புப் பெயிண்ட். சங்கீதம், சிற்பம், குழந்தையின் சிரிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான் வரிசையில் நிற்க வேண்டும். இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொல்லவே தாம் பிறவி எடுத்ததாக டாக்டர் கருதியிருந்தார். உலகம் இன்னும் காது கொடுக்கவில்லை. மனைவி மட்டும் ஒருமுறை முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, நம்ம பீரோ கண்ணாடிய என்னிக்குத் தொடைக்கப் போறீங்க?" என்றாள்.

ஆகவே, அன்று காலை பத்தரை மணிக்கு அந்தக் கறுப்புக் காரின் பானெட்டில் வெளிச்ச வட்டம் நான்கு விரல் தள்ளி விழுந்ததை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கார்களைக் கழுவும்போதும் துடைக்கும்போதும் பெயிண்டின் மேல் தலைமுடியைவிட மெல்லிய கீறல்கள் ஆயிரக்கணக்கில் விழும். அவை எல்லாத் திசையிலும் ஓடும். ஆனால் ஒரு விளக்கைக் கிட்டே கொண்டுபோனால், அந்த விளக்கைச் சுற்றி வளைந்து கிடப்பவை மட்டும் மின்னும். சிலந்தி வலை விரித்தாற்போல ஒரு வட்டம் தெரியும். விளக்கை நகர்த்தினால் வட்டமும் நகரும், சோறு போட்டவன் பின்னால் போகும் நாய் மாதிரி. வட்டத்தின் நட்டநடுவில் எப்போதும் விளக்குதான் இருக்கும். பதினொரு வருஷத் தொழிலில் இதற்கு விலக்கே கிடையாது. வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கும்போது டாக்டர் கண்களை மூடிக்கொள்வார்.

அன்று நடுவில் விளக்கு இல்லை. விளக்கின் பிம்பம் இங்கே. வட்டத்தின் நடு அங்கே.

"லென்ஸ் கோணிக்கிச்சு," என்று சொல்லி, விளக்கை முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார். வட்டம் அசையவில்லை.

டாக்டர் என்பது போர்டில் இருந்த பட்டம். 'கார் பெயிண்ட் டாக்டர்' என்றுதான் எழுதச் சொன்னார். எழுதியவர் முதல் இரண்டு சொல்லைப் பொடியாக எழுதிவிட்டு, கடைசிச் சொல்லுக்கு மிச்ச இடம் முழுவதையும் கொடுத்துவிட்டார். அதனால் அவ்வப்போது இருமிக்கொண்டு யாராவது உள்ளே வருவார்கள். டாக்டர் உடனே மறுக்க மாட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வார். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். பையில் எழுதாத பேனா இருக்கும். கார்கள் பேஷண்ட். கடையின் பின்னால் இருந்த ஜன்னல் இல்லாத அறை, வெளிச்சம் சிதறக் கூடாதென்று சுவர் முழுக்கக் கறுப்பு அடித்த அறை, ஆபரேஷன் தியேட்டர். ஷட்டருக்கு வெளியே ஒரு சிவப்பு பல்பு. ஷட்டருக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சபதம்: 'ஒரே ஒரு கோடு மிஞ்சினாலும் எங்கள் போர்டைக் கழற்றிவிடுவோம்.' எங்கள் என்பது அவரும், கார் கழுவும் மச்சினனும்.

பேஷண்டைக் கொண்டுவந்தவர் நிஜமான டாக்டர். கண் டாக்டர் அம்மா. அறுபது வயதிருக்கும். எதையும் பார்க்கும்போது ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிப் பார்ப்பார். பார்க்கப்படுகிறவருக்குத் தமக்கு ஏதோ இருக்கிறது என்று தோன்றிவிடும். காலையில் வந்ததும் முதலில் போர்டைப் பார்த்தார்.

"நீங்க எந்த காலேஜ்?"

"அனுபவந்தாம்மா காலேஜ்."

"நல்ல காலேஜ். அங்க யாரையும் பெயில் பண்றதில்ல." சபதத்தையும் படித்தார். "இது நெஜமாவா, சும்மா அழகுக்கா?"

"உயிரக் கொடுத்து எழுதினதும்மா."

"பாப்போம். புது டிரைவர், பாத்திரம் தேய்க்கிற நாரால கழுவிட்டான்போல. பானெட்ட மட்டும் பாருங்க. ஆறு மணிக்கு வரேன். நான் எதையும் டார்ச் அடிச்சுத்தான் பாப்பேன், சொல்லிட்டேன்."

டாக்டர் சிலிர்த்துப்போனார். பதினொரு வருஷமாக அவருக்குக் கிடைத்தவர்கள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, "பளபளன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். டார்ச் அடித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் இப்போதுதான் வந்திருக்கிறது. இந்தக் கண்கள் 'சரி' என்று சொல்லிவிட்டால் போர்டில் இருக்கும் பட்டம் வெறும் பெயிண்ட் இல்லை என்று ஆகிவிடும். இல்லையென்றால்... இல்லையென்றால் என்பதை அவர் யோசிக்கவில்லை. போர்டைக் கழற்றும் ஏணி மச்சினன் வீட்டில் இருந்தது.

விரலைத் தூக்கி, தம்முடைய முதல் விதியை அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். "கீழ விழுந்த துணி செத்த துணிம்மா. அது மறுபடி காரைத் தொடக் கூடாது. ஒரு மணல் போதும், அவ்வளவுதான்."

"அப்ப விழாமப் பாத்துக்கோங்க."

அந்த அம்மா திரும்பிப் போக வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. டாக்டரே ஓடிப்போய், நெற்றி முட்டிக்கு வரும் அளவு குனிந்து கதவைத் திறந்துவிட்டார். தோளில் கிடந்த மஞ்சள் துணி சரிந்தது. கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார். அந்த அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் துணி கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

தியேட்டருக்குள் மச்சினன் காரைக் கழுவி, ஈரம் ஒற்றி நிறுத்தியிருந்தான். டாக்டர் விளிம்புகளுக்கு நீலநிற மாஸ்க்கிங் டேப் ஒட்டினார், நான்கு பக்கமும், கோணல் இல்லாமல். கழுத்திலிருந்து தொங்கிய மீட்டரை எடுத்துப் பானெட்டில் வைத்தார். சோப்பு டப்பா அளவு மீட்டர்; பெயிண்டின் கனம் சொல்வது. உலோகத்தின் மேல் வைத்தால்தான் பேசும். பிளாஸ்டிக்கோ, மரமோ, மனிதத் தோலோ, வேறு எதன் மேல் வைத்தாலும் திரையில் மூன்று கோடு காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். 'பிப்' என்றது. நூற்றுப் பதினெட்டு மைக்ரான். நல்ல உடம்பு. எண்பதுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இறங்கினால் மேல்பூச்சு தேய்ந்து உள்நிறம் வெளுத்துவிடும், அதற்குப் பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாலிஷ் மெஷினின் நுனியில் சுழலும் பஞ்சுப் பேடில் காம்பவுண்ட் பசையைப் பொட்டு வைத்தாற்போல் வைத்து ஓடவிட்டார். கையெழுத்துப் பழகும் பிள்ளை மாதிரி இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், ஒரே வேகம், ஒரே அழுத்தம். ரீங்காரம் கறுப்புச் சுவர்களில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து காதுக்குள் கம்பளி அடைத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. சூடேறிய ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை, அவர் வீட்டில் சாப்பிடும்போதுகூட விரலிலிருந்து போகாத வாசனை, மெல்ல எழுந்தது. பதினொரு மணிக்கு நிறுத்தினார். ஸ்பிரிட் தெளித்துத் துடைத்தார். விளக்கைக் காட்டினார்.

ஒன்றுமில்லை. கறுப்புத் தண்ணீர்.

"பாத்தியா," என்றார், யாருமில்லாத அறையிடம். விளக்கை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

வட்டம் இருந்தது. முன்பு இருந்த அதே இடத்தில், விளக்குக்கு நான்கு விரல் தள்ளி.

"ச்சு," என்று நாக்கைத் தட்டினார். அது அவருடைய வழக்கம். நாக்கைத் தட்டிவிட்டு அடுத்து எப்போதும் சொல்வதையும் சொன்னார். "ஒரே ஒரு தடவை."

இரண்டாவது தடவை பேடை மாற்றினார். மூன்றாவது தடவை காம்பவுண்டை மாற்றினார். நான்காவது தடவை மாற்ற வேறு எதுவும் இல்லாததால் செருப்பை மாற்றினார். ஒவ்வொரு முறையும் துடைத்தவுடன் சுத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் வட்டம். முகம் கழுவிய பிள்ளை கண் மறைந்ததும் மண்ணில் புரண்டு வந்து நிற்பதுபோல, அதே இடத்தில், அதே அளவில். டாக்டருக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுகைக்குப் பதிலாக மச்சினன் ஞாபகம் வந்தது.

"மச்சான்! இங்க வா!"

மச்சினன் நாற்பது வயது ஆள். ரப்பர் பூட்ஸ் சொட்டச் சொட்ட வந்து ஷட்டர் அடியிலேயே நின்றான்.

"தியேட்டருக்குள்ள ஈரக் காலோட வராத."

"அப்ப எதுக்கு மாமா கூப்பிட்டீங்க? எட்டிப் பாக்கவா?"

"வந்து பாரு. இங்க என்ன தெரியுது?"

மச்சினன் விளக்கை வாங்கிக் குனிந்து பார்த்தான். "என் மூஞ்சி தெரியுது. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

"வட்டம்டா!"

"எந்த வட்டம்?"

"இதோ! இங்க! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"மாமா, சத்தியமா ஒண்ணுமில்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. எப்பவோ முடிஞ்ச வேலை இது. வெளிய வாங்க, காத்தாட உக்காருங்க."

"நீ கழுவுற ஆளு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"ஆமா, நான் கழுவுற ஆளு. நீங்க டாக்டர். பேஷண்டுக்கு வியாதி இல்லன்னா டாக்டருக்குத்தான் இருக்கணும்." விளக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது வெளிச்சம் டாக்டரின் முகத்தில் பட்டது. மச்சினன் ஒரு நிமிஷம் பார்த்தான். "நெத்தியில என்ன மாமா, இப்படி மின்னுது? எண்ணெயா?"

"வேர்வை. போ."

சோம்பேறி. வீட்டுக்குப் போக அவசரம். அக்கா புருஷன் மானம் போனால் அவனுக்கென்ன. டாக்டர் ஷட்டரை இறக்கினார், உள்ளேயிருந்து பூட்டினார், சாவியைப் பைக்குள் போட்டார், சிவப்பு பல்பின் சுவிட்சைத் தட்டினார். பிறகு நெற்றியைத் தடவினார். கையில் ஈரம் எதுவும் வரவில்லை. விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

இரண்டு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, சாப்பிட வரீங்களா, இல்ல அந்தக் காரையே கட்டிக்கிட்டு அங்கயே இருக்கப் போறீங்களா?"

"ஒரே ஒரு கோடு பாக்கி."

"காலையில இருந்து ஒரே ஒரு கோடா? என்ன சத்தம் அது, மெஷினக் கொஞ்சம் நிறுத்திட்டுத்தான் பேசுங்களேன்."

"நிறுத்திட்டுத்தான் பேசறேன்."

"அப்ப பக்கத்துல யாரோ ஓட்டுறாங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். அறை அமைதியாகத்தான் இருந்தது. அமைதிக்கு அடியில், கல்யாண வீட்டுச் சமையல்கட்டு சத்தம் அடுத்த தெருவில் கேட்பதுபோல, ஒரு ரீங்காரம் இருந்தது. அவர் கவனிக்கத் தொடங்கியதும் அது நின்றது.

மறுபடி மெஷினை எடுத்தார். இந்தத் தடவை வேலையைப் பார்க்காமல் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வரிசை ஓட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். பேடு சுழன்று, தளர்ந்து, நின்றது. அவருடைய மெஷின் நின்ற பிறகு, இன்னொரு மெஷின் நின்றது.

எதிரொலி. சுவர் அப்படி.

மீட்டரைப் பானெட்டில் வைத்தார். தொண்ணூற்றாறு. இவ்வளவு இறங்கியும் வட்டம் அப்படியே இருந்தது. எரிச்சலில் விளக்கை ஆணியிலிருந்து பிடுங்கி இடப்பக்கம் நீட்டினார். வட்டம் நகரவில்லை. வலப்பக்கம் நீட்டினார். நகரவில்லை. விளக்கைக் காலடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக் குனிந்தார். கறுப்புச் சுவர், கறுப்புக் கார். பிம்பத்தில் வெள்ளைக் கோட்டும் முகமும் மட்டும் மிதந்தன. வட்டத்தின் நடு எங்கே இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய நெற்றியில்.

தலையை இடப்பக்கம் சாய்த்தார். வட்டம் இடப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் சாய்த்தார். கூடவே வந்தது.

வட்டம் பானெட்டில் இல்லை.

பிறகு, மனிதன் பயத்தில் செய்கிற மடத்தனங்களை விஞ்ஞானம் என்று தமக்கே சொல்லிக்கொள்வதுபோல, "மீட்டர் சரியா இருக்கான்னு பாப்போம்" என்றார். முன்பக்க பம்பரில் வைத்தார், பிளாஸ்டிக், மூன்று கோடு. கோட்டுப் பித்தானில் வைத்தார். மூன்று கோடு. உள்ளங்கையில் வைத்தார். மூன்று கோடு. சரியாகத்தான் இருக்கிறது. சிரித்துக்கொண்டே நெற்றியில் வைத்தார்.

பிப்.

எடுத்துப் பார்த்தார். தொள்ளாயிரத்தொன்று என்றிருந்தது... இல்லை. தலைகீழாகப் பிடித்திருந்தார். திருப்பினார். நூற்றாறு. மறுபடி வைத்தார். பிப். நூற்றாறு.

அடுத்த இரண்டு மணி நேரம் டாக்டர் மெஷினைத் தொடவில்லை. தரையில், சுவரோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டு கசங்கும் என்றுகூடத் தோன்றவில்லை. வெளியே மச்சினன் தண்ணீர் பீய்ச்சும் சத்தமும், யாரோடோ பேசிச் சிரிக்கும் சத்தமும் ஷட்டருக்கு அடியில் கசிந்து வந்தன. சாதாரண பகல். ஷட்டரைத் தூக்கினால் போதும்.

ரீங்காரம் தொடங்கியது.

அவருடைய மெஷின் காலடியில் கிடந்தது. பிளக் கழன்று கிடந்தது. சத்தம் பானெட்டிலிருந்து வந்தது; உள்ளேயிருந்து; ஒரு தகடு கனத்துக்கு அப்பாலிருந்து. இடமிருந்து வலம். மேலிருந்து கீழ். ஒரே வேகம். ஒரே அழுத்தம். அவருக்குத் தெரிந்த கை அது. நெற்றியில் இதமாக ஒரு சூடு பரவியது, புருவத்திலிருந்து முடி வரை, பிறகு அடுத்த வரிசை, பிறகு அடுத்தது. சூடேறிய ரப்பர் வாசனை. மண்ணெண்ணெய் வாசனை. மூக்கு நுனியில்.

சத்தம் நின்றது. மீட்டரை வைத்தார். தொண்ணூறு.

மறுபடி தொடங்கியது. நின்றது. எண்பத்தைந்து.

எண்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது?

எழுந்தார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு காரைச் சுற்றி நடந்தார். சாவி கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. பூட்டு திறந்தது. ஷட்டரை ஒரு சாண் தூக்கினார். மாலை வெயில் தரையில் மஞ்சளாக நுழைந்தது. ஈர மண் வாசனை. மச்சினன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். சுவரில் கடிகாரம் ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் என்றது. குனிந்து வெளியே ஊர்ந்து போய்விடலாம். போய், காற்றாட உட்கார்ந்து, முகத்தில் தண்ணீர் அடித்து, மனைவிக்குப் போன் செய்து, வரேன் என்று சொல்லிவிடலாம்.

அந்த அம்மா டார்ச்சோடு வருவார். ஒரு கண்ணைச் சுருக்குவார்.

போர்டு.

திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். உள்ளே நுழைந்த அந்தச் சாண் வெயிலில் பானெட் முழுவதும் தெரிந்தது. வட்டம் போயிருந்தது. கறுப்பு அப்படி ஒரு கறுப்பு. அவர் வாழ்க்கையில் பார்த்திராத கறுப்பு. ஆழம் தெரியாத கறுப்பு. பரிபூரணம். அதன் நட்டநடுவில், சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு, ஒரு கோடு.

ஒன்றே ஒன்று.

"ஒரே ஒரு தடவை," என்றார்.

விளக்கோடு வந்து குனிந்தார். கோடு தெரியவில்லை. இன்னும் குனிந்தார். கன்னத்தைப் பானெட்டில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பானெட் சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் கன்னம்போல. இப்போது தெரிந்தது. கோடு மேலே இல்லை. அந்தப் பக்கம் இருந்தது. ஆழமா, மேலாகவா என்று பார்க்க நகத்தால் வருடினார். நகம் மாட்டினால் ஆழம்.

நகம் அவருடைய இடது கண்ணில் மாட்டியது.

விளக்கு கையில் இல்லை.

விளக்கு மேலே இருந்தது.

பானெட்டின் அந்தப் பக்கம் அவர் மல்லாந்து கிடந்தார். கை வரவில்லை. கால் வரவில்லை. இமை வரவில்லை. மேலே, வெகு மேலே, ஷட்டர் ஏறும் சத்தம், தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல. பெரிய முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. மச்சினன்.

"மாமா? எங்க போனாரு? இங்கதாம்மா இருந்தாரு காலையிலேருந்து. பூட்டு தொறந்து கெடக்கு."

"வருவார், விடுங்க. முதல்ல நான் காரப் பாக்கறேன்."

கண் டாக்டர் அம்மாவின் முகம் குனிந்தது. கைப்பையிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுத்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார். வெளிச்சம் ஓர் ஓரத்திலிருந்து மெல்ல, அவசரமில்லாமல், விரல் விரலாக நகர்ந்து வந்தது. அவருடைய மோவாய். உதடு. மூக்கு. வலது கண். இடது கண். இடது கண்ணில் ஒரு கணம் நின்றது. பாருங்கம்மா என்று டாக்டர் கத்தினார். உதடு பிரியவில்லை. பிரிவதற்கு அங்கே விளிம்பே இல்லை.

வெளிச்சம் தாண்டிப் போயிற்று.

"பரவாயில்லையே," என்றார் அந்த அம்மா. "நான் நம்பவே இல்ல, உண்மையச் சொன்னா. ஒரு கோடுகூட இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட. நெஜமாவே டாக்டர்தான் அவர். போர்டு அப்படியே இருக்கட்டும்னு சொல்லுங்க."

"அவர்கிட்ட நீங்களே சொல்லுங்கம்மா. நான் சொன்னா நம்பாம, போர்டக் கழட்ட ஏணி கேப்பாரு."

பதினொரு வருஷம். பதினொரு வருஷமாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் ஒன்று அவரிடம் இருந்தது. எல்லாம் உங்க ஆசீர்வாதம்மா, நான் என்ன பண்ணினேன். அது தொண்டைக்குள் கிடந்தது.

கதவு சாத்தும் சத்தம். இன்ஜின். தியேட்டர் சுவர்கள் நகர்ந்து பின்னால் போயின. பிறகு ஷட்டர். பிறகு வானம். பிறகு மரக்கிளைகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவர் முகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போயின.

அவருக்குப் பின்னால், கறுப்புக்குள், யாரோ நடந்து வந்தார்கள். செருப்புச் சத்தம். கழுத்தில் தொங்கும் மீட்டர் பித்தானில் இடிக்கும் சத்தம்.

பிப்.

"ச்சு."

டேப் கிழிபடும் சத்தம். இடது கண்ணுக்கு மேலே ஒரு துண்டு ஒட்டப்பட்டது. கீழே ஒன்று. இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. நீல டேப். கோணல் இல்லாமல்.

வெள்ளைக் கோட்டு குனிந்தது. அதன் நெற்றி பளபளவென்று இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது.

"ஒரே ஒரு தடவை," என்றது.

மெஷினைக் கையில் எடுத்தது. ஓட்டுவதற்கு முன்னால் இடத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும், எப்போதும் அப்படித்தான். கை கோட்டுப் பைக்குள் போயிற்று. ஒரு துணியை எடுத்து, உதறாமல், கண்ணின் மேல் வைத்தது.

அது காலையில் கீழே விழுந்த மஞ்சள் துணி.